சாந்தத்துக்கு இருபத்தைந்து

ராக்டால் என்னும் பூனை இனத்தின் குணநலன்கள் பற்றித் தலைவர் எழுதிய கையேடு மொத்தம் முப்பத்திரண்டு பக்கம். அதில் பதினோரு பக்கம் தலைவரின் புகைப்படம். மிச்சப் பக்கங்களில் அந்த இனம் எப்படிக் கோபப்படாது, எப்படிக் கீறாது, கடிக்காது, தூக்கினால் எப்படி உடம்பைத் தளர்த்திக்கொண்டு துணி பொம்மை மாதிரி கையில் தொங்கும், குடும்பத் தலைவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எப்படி ஓடிவந்து வரவேற்கும் என்பதெல்லாம் விலாவாரியாகச் சொல்லப்பட்டிருந்தது. கையேட்டை அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினார். ஒவ்வொரு வரியை எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்தார். படிக்கும்போது அவர் கண் பூனை மேல் இருக்காது. மனைவி மேல் இருக்கும்.

"'குரலை உயர்த்துவது இந்த இனத்தின் வழக்கமன்று.' காதுல விழுதா?"

"மிஷின் சத்தத்தையும் மீறி விழுது" என்றாள் மனைவி.

அவள் தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டு, தெருவில் உள்ளவர்களின் கால்சட்டைக்கு அடி மடித்து, பிய்ந்த ஜிப்பை மாற்றி, இளைத்தவர்களுக்குப் பிடித்தும் பெருத்தவர்களுக்குப் பிரித்தும் கொடுப்பாள். இருபத்திரண்டு வருஷமாகப் புருஷனையும் அப்படித்தான் அங்கங்கே பிடித்தும் பிரித்தும் ஓட்டிக்கொண்டிருந்தாள். துணி மட்டும் ஒத்துழைத்தது.

தலைவர் என்றதும் ஏதோ நாட்டை ஆள்கிறவர் என்று பயந்துவிட வேண்டாம். சாந்தகுணப் பூனை வளர்ப்போர் சங்கத்தின் தலைவர். சங்கத்துக்கு உறுப்பினர்கள் பதினேழு பேர். அதில் மூன்று பேருக்குப் பூனை கிடையாது. அதற்கு முன்னால் முப்பது வருஷம் ஒரு பெரிய நிறுவனத்தில் பயிற்சி அதிகாரியாக இருந்து, அங்கு வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் ஆளுமை வளர்ச்சி பற்றி வகுப்பு எடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்தபோது எதிரே உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆளில்லை. மனைவியிடம் முயன்று பார்த்தார். அவள் வாயில் ஊசி இருந்தது. ஆறே மாதத்தில் பூனை வந்தது.

எட்டு கிலோ எடை. பால் நிற உடம்பு. முகமும் காதும் வாலும் மட்டும் காப்பித்தூள் நிறம். கண் இரண்டும் அப்படியொரு நீலம். வம்சாவளிப் பத்திரத்தில் அதன் பெயர் 'நீலவிழி மாளிகையின் சாந்தமூர்த்தி, மூன்றாம் தலைமுறை.' தையல்காரி அதை 'மூட்டை' என்று கூப்பிட்டாள். அதுவும் அவள் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தது. தலைவர் முழுப்பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடும்.

அதற்காக அவளுக்கு அதன் மேல் ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்டி வைத்த துணி மேல்தான் வந்து படுக்கும். கறுப்புக் கோட்டில் அதன் ரோமத்தை எடுத்து எடுத்து அவள் கண்ணே பூத்துப்போனது. போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வந்து, திரும்பினால் காலில் தட்டுப்படும். "எனக்குன்னு வந்து வாய்ச்சுது பாரு, ஒண்ணு பேசியே கொல்லுது, ஒண்ணு பேசாமக் கொல்லுது" என்பாள். 'அண்ணிக்குப் பூனைன்னா ஆகாது' என்பது சங்கம் முழுக்கத் தெரிந்த விஷயம். தீர்மானம் போடாதது ஒன்றுதான் பாக்கி.

வீட்டில் வேலைப் பிரிவினை தெளிவாக இருந்தது. பூனையின் முன்பக்கம் தலைவருக்கு, பின்பக்கம் அவளுக்கு. வந்தவர்களுக்குக் காட்டுவது, ரோமம் சீவுவது, கண்ணின் நீலத்தை விளக்குவது அவர் பொறுப்பு. குளியலறை மூலையில் இருக்கும் மணல் தட்டைச் சுத்தம் செய்வது இவள் பொறுப்பு. அந்த மணல் ஈரம் பட்டால் கட்டி கட்டியாக உறையும். காலையும் மாலையும் சல்லடைக் கரண்டியால் அரித்து எடுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு கட்டி, வெயில் நாளென்றால் மூன்று. யாரும் கேட்காத இந்தக் கணக்கு அவள் தலையில் தானாக உட்கார்ந்திருந்தது, வாடிக்கையாளர்களின் இடுப்பளவு மாதிரி.

சனிக்கிழமை காலையில் ஒரு கட்டி இருந்தது, அதுவும் புளியங்கொட்டை அளவுக்கு. மாலையில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மணல் அவள் முந்தின நாள் நிரவிவிட்டபடியே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டை வந்து தட்டில் உட்கார்ந்தது. முதுகை வளைத்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்தது. இறங்கி ரெண்டடி நடந்து, மறுபடி ஏறி உட்கார்ந்தது. ஒரு சொட்டு இல்லை. அப்புறம் கதவோரமாகப் போய் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை கக்கிவிட்டுச் சுருண்டுகொண்டது.

அன்றைக்குத்தான் சங்கத்தின் ஆண்டுப் போட்டி.

"என்னங்க, இவன் நேத்துலேர்ந்து ஒண்ணுக்குப் போகலை."

தலைவர் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். "போட்டிக்கு முன்னாடி உயர்ந்த ஜாதிப் பூனைங்க அப்படித்தான். உள்ளுக்குள்ள தன்னைத் தயார் பண்ணிக்கும்."

"கக்கிட்டான். சாப்பாட்டை மோந்துகூடப் பாக்கலை. தூக்கினா துவண்டு விழறான்."

"துவண்டு விழறானா?" தலைவர் திரும்பினார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "அதுதானே வேணும்! ரெண்டு மாசமா அந்தத் தளர்ச்சிக்குத்தான் பயிற்சி குடுத்துட்டிருக்கேன். இன்னைக்குப் பாத்து வந்திருக்கு."

"மூத்திரம் வரலைங்கறேன், நீங்க தளர்ச்சி வந்திருச்சுங்கறீங்க."

"உனக்கு அவனைக் கண்டா வயித்தெரிச்சல். ஒரு ஜீவன் எப்படி அடக்கமா இருக்கணும்னு தினமும் உன் கண்ணு முன்னாடி வாழ்ந்து காட்டறான் இல்ல, அது பொறுக்கலை."

அவள் வாயில் அப்போது ஊசி இல்லை. இருந்தும் பூனையின் சீப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினாள். அவர் சங்கத்துக்குப் போய்விடும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை ஒரு வருஷமாக அவள் மிஷினோடு தனியாகக் கழிக்கிறவள். அவள் வருகிறேன் என்றதே தலைவருக்குத் தன் வெற்றியின் முதல் தவணையாகப் பட்டது.

அரங்கத்தில் வரிசையாக மடக்கு மேஜைகள், மேஜை மேல் எண் போட்ட கூண்டுகள். கூண்டுக்குள் வெல்வெட் திரை, ஜாலர், சின்னதாக ஒரு தலையணை. எட்டாம் எண் கூண்டுக்கு நீலத் திரை, அவள் தைத்ததுதான். தலைவர் சாந்தமூர்த்தியை உள்ளே வைத்து, ஒரு குட்டிப் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியை மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். போட்டிக் கூண்டை நடுவர் மேடையில்தான் திறக்க வேண்டுமென்று விதி. அந்த விதியைப் போட்டவரும் அவர்தான்.

அவர் அந்தப் பக்கம் போனதும் அவள் கம்பிக்குள் விரல்களை விட்டாள். அவள் விரலுக்குத் தலையை முட்டுவது அதன் வழக்கம். இன்று முட்டவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. அவள் வெளியே வந்து, தடுப்பூசி போட்ட கிளினிக்குக்கு போன் போட்டாள்.

"ஆம்பளைப் பூனையா?" டாக்டர் ஒரு சின்னப் பெண், குரலே வெடுக்வெடுக்கென்று வரும். "எத்தனை மணி நேரமா?"

"நேத்துக் காலையிலேர்ந்து. முழுசா ஒரு நாளுக்கு மேல ஆச்சு."

"அடிவயித்துல மெதுவா கை வச்சுப் பாருங்க. அழுத்தாதீங்க. ஏதாவது உருண்டையா தட்டுப்படுதா?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே ஓடி, திரையை விலக்கி, இரண்டு விரலை நீட்டினாள். ரோமத்துக்குக் கீழே ஆரஞ்சுப்பழ அளவில் ஒன்று இருந்தது. கல் மாதிரி. விரல் பட்டதும் பூனை உடம்பு முழுக்க ஒரு சுருக்கு விழுந்தது.

"இருக்கு. கெட்டியா இருக்கு."

"அடைச்சிருக்கு. உடனே கொண்டு வாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள. சாயங்காலம் வரேன்னா வரவே வேணாம்மா, எனக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் வேலை இருக்காது."

தலைவர் மேடைக்குப் பக்கத்தில் நடுவரோடு நின்றிருந்தார். நடுவர் வெளியூர்க்காரர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"சாவியைக் குடுங்க."

"என்ன சாவி?"

"கூண்டுச் சாவி. டாக்டர் உடனே கொண்டு வரச் சொல்லிட்டாங்க. ஒரு மணி நேரம்தான் இருக்குது, அப்புறம் செத்துரும்னு சொல்றாங்க."

தலைவர் நடுவரைப் பார்த்து, பெண்புத்தியை மன்னிக்கச் சொல்லும் ஒரு சிரிப்பைச் சிரித்தார். பிறகு அவள் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தார். "இன்னும் ரெண்டு பூனை, அப்புறம் நம்ம முறை. பத்து நிமிஷம். அவ்வளவு பேரு முன்னாடி என் மானத்தை வாங்கணும்னே வந்தியா?"

"உங்க மானம் எனக்கெதுக்கு, வீட்டுல வைக்க இடமில்ல. சாவியைக் குடுங்க."

"குடுக்க மாட்டேன். போய் உக்காரு."

சங்கத்தின் செயலாளர் ஓடிவந்தார். சிமெண்ட் வியாபாரம் செய்பவர். எந்த இடத்தில் விரிசல் விட்டாலும் பூசுவதற்கு வந்துவிடுவார். "அண்ணி, அண்ணி, சத்தம் வேணாம். குழந்தைங்கல்லாம் பயப்படும்." குழந்தைகள் என்று அவர் சொன்னது பூனைகளை.

மேடையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. சங்கத்தின் மதிப்பெண் பட்டியலில் ரோமத்துக்கு இருபது, கண்ணுக்குப் பதினைந்து என்று நூறு வரை போகும். எல்லாவற்றிலும் பெரியது சாந்தகுணம்: இருபத்தைந்து. அதற்கு ஒரு சோதனை உண்டு. நடுவர் பூனையின் முன்னங்கால்களுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மனசுக்குள் பத்து எண்ணுவார். பூனை தொங்க வேண்டும். கால் உதறினால் ஐந்து போச்சு, வால் ஆடினால் மூன்று, கத்தினால் பத்து. சங்கத்தில் இதற்குத் தொங்கல் என்று பெயர். ஆறாம் எண் பூனை வாலை ஆட்டியது. ஏழாம் எண் பூனை நடுவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. அதன் எஜமானி அழுதாள்.

எட்டாம் எண் கூண்டை மேடையில் வைத்துத் தலைவர் பூட்டைத் திறந்தார். தையல்காரி கயிற்றுக்கு வந்தாள். செயலாளர் குறுக்கே நின்றார்.

"அண்ணி, கயித்தைத் தாண்டினா பூனைக்குத் தகுதி போயிரும்."

"பூனையே போயிருமே, அதுக்கு என்ன விதி வச்சிருக்கீங்க?"

"பத்தே பத்து எண்ணிக்கை அண்ணி..."

நடுவர் தூக்கினார். சாந்தமூர்த்தி தொங்கியது. அப்படித் தொங்கியது. துவைத்துப் பிழியாமல் கொடியில் போட்ட கம்பளிக் கால்சட்டை மாதிரி தலை ஒரு பக்கம், கால் நாலும் நாலு பக்கம், வால் நேராகக் கீழே. வாய் லேசாகத் திறந்திருந்தது. நடுவர் பத்து எண்ணி முடித்தும் கீழே வைக்க மனசு வராமல் இன்னும் அஞ்சு எண்ணினார் போலிருந்தது.

"இருபது வருஷமா நடுவரா இருக்கேன்" என்றார். "இப்படி ஒரு சரணாகதியைப் பாத்ததில்லை. இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு."

கைதட்டல் எழுந்தது. தலைவர் கண்ணை மூடி அதை வாங்கிக்கொண்டார். பூனை இல்லாத மூன்று உறுப்பினர்களும் எழுந்து நின்றே தட்டினார்கள்.

பூனையின் மூக்கு எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும். அது வெளுத்துக் கிடப்பது தையல்காரிக்கு அங்கிருந்தே தெரிந்தது. நிறம் பார்த்து நூல் எடுக்கிறவள் கண். செயலாளரின் தோளை ஒரு கையால் ஒதுக்கினாள். அவர் தன் கடைச் சிமெண்ட் மூட்டை மாதிரி ஆடாமல் நிற்கத்தான் பார்த்தார், முடியவில்லை. கயிற்றைத் தாண்டினாள். நடுவரின் கையுறைக் கைகளிலிருந்து பூனையை வாங்கி, முழங்கை மடிப்பில் வயிறு அழுந்தாமல் கிடத்திக்கொண்டாள்.

"மேடம், நிறைவுச் சுற்று இன்னும் பாக்கி" என்றார் நடுவர்.

"இவனுக்கு இதுவே நிறைவுச் சுற்று ஆயிட்டிருக்கு. நகருங்க."

"பிடிங்க அவளை!" என்று தலைவர் கத்தினார். ஆளுமை வளர்ச்சி வகுப்பில் குரல் கட்டுப்பாடு பற்றி அவர் இரண்டு மணி நேரம் பேசுவதுண்டு. "என் பூனையைத் திருடிட்டுப் போறா! பொறாமை பிடிச்சவ! பிடிங்க!"

யாரும் பிடிக்கவில்லை. சாந்தகுணம் வளர்ப்பவர்கள் சங்கத்தில் அதற்கு ஆள் கிடையாது.

கிளினிக் மேஜையில் பூனையைக் கிடத்தியபோது தலைவரும் செயலாளரும் செயலாளரின் காரில் வந்து சேர்ந்துவிட்டார்கள். தலைவருக்கு மூச்சு வாங்கியது. கயிற்றைத் தாண்டும் முன்பே மதிப்பெண் விழுந்துவிட்டதால், சாந்தகுணத்துக்கான கோப்பை செயலாளர் கையில் இருந்தது. ஊர்வலமாக வந்ததுபோல் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். முகம் இறுகியது. "துடிப்பு பாதிதான் இருக்கு. எப்பலேர்ந்து இப்படித் துவண்டு கிடக்கு?"

"அது துவளல் இல்லம்மா" என்றார் தலைவர். "நீங்க சின்னப் பொண்ணு. இந்த இனத்தோட அடிப்படைச் சுபாவமே..."

"சார், சாகப்போற பூனை எல்லா இனத்துலயும் இப்படித்தான் இருக்கும். எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலைலேர்ந்து" என்றாள் தையல்காரி.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகும்? எவ்வளவு தண்ணி குடிக்கும்?" டாக்டர் படிவத்தை இழுத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தே கேட்டாள். வளர்ப்பவர் அவர்தானே.

தலைவர் வாயைத் திறந்தார். கையேட்டில் முப்பத்திரண்டு பக்கமும் அவருக்கு மனப்பாடம். அதில் தண்ணீர் இல்லை. "அது... உயர்ந்த பரம்பரை. எதுலயும் அளவா இருக்கும்."

"நாலு தடவை" என்றாள் தையல்காரி. "வெயில் காலத்துல மூணு. தண்ணி அரை டம்ளர், நான் குளிச்சிட்டு வந்தா வாளியிலேர்ந்து கொஞ்சம். கடைசியா நேத்துக் காலை, கொஞ்சூண்டு. மூணு நாளா காய்ஞ்ச தீனிதான் தின்னான். ரோமம் மினுமினுக்கணும்னு இவரு ஈரத் தீனியை நிறுத்திட்டாரு."

டாக்டர் எழுதிக்கொண்டாள். தலைவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. பேனாவை வைத்துவிட்டு, அடிவயிற்றில் கையை வைத்து மெதுவாக அழுத்தினாள்.

இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கிய சாந்தமூர்த்தி கழுத்தைத் திருப்பி, டாக்டரின் கட்டைவிரலை வாயில் வாங்கி, எலும்பு வரை கடித்தது.

"இருக்காது!" என்றார் தலைவர். "இந்த இனம் கடிக்காது."

விரலைப் பிடித்துக்கொண்டு டாக்டர் திரும்பினாள். தரையில் சொட்டியது. "அப்ப இது என்ன சார், சாயமா?" பிறகு தையல்காரியிடம், "நல்லதும்மா. கடிக்கிற அளவுக்கு உள்ள இன்னும் ஆள் இருக்கு. மயக்கம் குடுத்துக் குழாய் போடறேன். பிழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வெளிய உக்காருங்க."

ஒரு மணி நேரம் மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோப்பைக்கு ஒரு நாற்காலி. தலைவர் இரண்டு முறை, "எல்லார் முன்னாடியும்" என்று ஆரம்பித்தார். தையல்காரி அவர் பக்கம் திரும்பினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

கூப்பிட்டபோது மூட்டை ஒரு எஃகுக் கூண்டில் கிடந்தது. காலில் சொட்டு மருந்து. வாலுக்கடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து ஒரு பையில் முடிந்தது. பையில் இளஞ்சிவப்பாகக் கலங்கிய நீர் ஏறிக்கொண்டிருந்தது. கூண்டுக் கதவில் ஒரு அட்டை. அதில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில்: கடிக்கும். கவனம்.

தலைவர் பூனையைப் பார்க்கும் முன் அட்டையைப் பார்த்தார். செயலாளரும் பார்த்தார். பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து மெதுவாகக் கோப்பையை மூடினார்.

"தலைவரே, நம்ம விதி ஒன்பது..." என்று இழுத்தார். கடித்ததாக எழுத்தில் பதிவான பூனைக்குச் சான்றிதழும் கோப்பையும் கிடையாது என்பது விதி ஒன்பது. அதையும் தலைவர்தான் போட்டார், ஒரு போட்டியாளரை ஒழிப்பதற்காக.

"டாக்டர், அந்த அட்டையை எடுத்துருங்க."

"எதுக்கு? என் ஆளுங்களுக்கு விரல் வேணாமா?"

"வலியில தவறுதலா பல்லு பட்டது. 'கடிக்கும்'னு எழுதினா அது ஒரு வம்சத்தையே..."

"சார், எனக்கு ஊசி போட்டாங்க. மூணு தையல் வேற. போங்க."

தலைவர் மனைவி பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை, கிட்டத்தட்டக் கெஞ்சல். "நீ சொல்லு. உன் பேச்சைக் கேப்பா. பட்டதுதான், கடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நீதானே பக்கத்துல இருந்தே."

"இருந்தேன்" என்றாள் அவள். செயலாளர் காது கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அவருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்: "நல்லாக் கடிச்சான். நான் என் கண்ணால பாத்தேன்."

தலைவரின் முகம் இருண்டது. "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

"மூணு நாளாகுமாம். பையை யாராவது பாத்துக்கிட்டே இருக்கணுமாம். நீங்க போங்க, விதியை மாத்தணும்னா மாத்திக்கோங்க, பதினேழு பேரைக் கூப்பிட்டு."

செயலாளர் கோப்பையோடு முதலில் நழுவினார். அவர் போனால் கார் போய்விடும் என்பதால் தலைவரும் பின்னாலேயே போனார். கதவை ஓங்கிச் சாத்த முயன்றார். அது தானாக மெதுவாக மூடும் கதவு.

தையல்காரி ஒரு முக்காலியை இழுத்துக் கூண்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். பையில் கோடு போட்டிருந்தது. நீர் நாலாவது கோட்டைத் தாண்டியிருந்தது. குழாயில் ஒவ்வொரு சொட்டாக வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக்கண் ஒன்று பாதி திறந்தது. அவளை அடையாளம் கண்டது. மயக்கம் தெளியாத உதட்டைச் சுருட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, அவளைப் பார்த்துச் சீறியது.

"ஆமாண்டா, உனக்கு நான்தான் கிடைச்சேன்" என்றாள். ஆனாலும் முக்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.